ஜெபக் குறிப்பில் ஒரு கார்

அத்தியாயம் 9

போன வாரம் ஞானஜோதி டீச்சரைச் செல்போனும் கையுமாகப் படுக்கையறையில் விட்டுவிட்டு வந்தோம். உள்ளே போய் அவள் என்ன செய்தாள் என்று சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

சண்டை காரைப் பற்றித்தான். சிட்லபாக்கத்தில் அவர்கள் தெருவில் போன மழைக்கு நின்ற தண்ணீரில் பழைய கார் மூழ்கி, காயலான் கடைக்குப் போய்விட்டது. புதிதாக ஒன்று வாங்கவேண்டும். ஓட்டப் போகிறவள் ஜோதி. பள்ளிக்கரணையில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் போய்வர அவளுக்கு ஒரு ஹேட்ச்பேக் போதும். முட்டுச்சந்தில் ஒரே ஒடிப்பில் திரும்பும், வீட்டுக் கேட்டுக்குள் உரசாமல் நுழையும் சின்ன வண்டி.

அவள் கணவர் எட்மண்டுக்கு அது பிடிக்கவில்லை. க்ராஸ்ஓவர்தான் வேண்டும் என்றார். நீளம் கொஞ்சம் கூடுதல், உயரம் நிறையக் கூடுதல். கேட்டால், மழைத் தண்ணீர் என்றார். பஸ்காரன் மதிப்பான் என்றார். ஜோதியின் தங்கை புருஷன் சுகுமார் போன கிறிஸ்துமஸுக்கு அதே மாதிரி வண்டியில் வந்து இறங்கியதை அவள் மறக்கவில்லை. ஓஹோ, இதுதானா விஷயம் என்று முடிவு கட்டிவிட்டாள்.

"வாங்கினா உயரமான வண்டி. இல்லேன்னா வண்டியே வேண்டாம்" என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் எட்மண்ட் சொன்னதும் ஜோதி கதவைச் சாத்தினாள். சபையின் பெண்கள் ஐக்கியத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் ஜெபக் குறிப்பு போடுவார்கள். யாருக்காவது காய்ச்சல், பிள்ளைக்கு வேலை, இப்படி. ஜோதி யோசித்து, எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினாள்.

'என் கணவரின் மனதில் உள்ள வீண் பெருமை நீங்கவும், குடும்பத்துக்கு ஏற்ற வாகனத்தை அவர் தெரிந்துகொள்ளவும் ஜெபியுங்கள்.'

இதில் ஜெபம் எவ்வளவு, புருஷனைப் பற்றிய புகார் எவ்வளவு என்று அவளைக் கேட்டால் அப்போது சண்டைக்கு வந்திருப்பாள். கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்தன. அவளுக்கு மனசு ஆறியது. நிம்மதியாகத் தூங்கினாள்.

சனிக்கிழமை காலை மூவருமாகக் கிளம்பினார்கள். மகள் ஜெரூஷாவுக்கு ஐ.டி. கம்பெனி விடுமுறை. தாம்பரம் வேளச்சேரி சாலையில் இருந்த ஷோரூமில் கிறிஸ்டினா என்ற பெண் இரண்டு வண்டிகளையும் வெளியே நிறுத்திவைத்திருந்தாள்.

"முதல்ல எதை ஓட்டிப் பார்க்கறீங்க ஆன்ட்டி?"

"அங்கிள் ஆசைப்பட்டதை முதல்ல பார்த்துடலாம்" என்றாள் ஜோதி. அந்த 'ஆசைப்பட்ட'தில் கொஞ்சம் காரம் இருந்தது.

எட்மண்ட் க்ராஸ்ஓவரின் முன்சீட்டுக்கு அருகில் போய் நின்றார். இடுப்பை அப்படியே சீட்டில் வைத்து, காலை உள்ளே இழுத்துக்கொண்டார். முகம் மலர்ந்துவிட்டது. கையால் சீட்டைத் தட்டிப் பார்த்தார்.

"சிம்மாசனம்தான்" என்றாள் ஜோதி, மகளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

அந்த வண்டி ஜோதிக்கு ஒத்துவரவில்லை. பானெட்டுக்கு முன்னால் என்ன இருக்கிறதென்றே தெரியவில்லை. யூ டர்ன் எடுக்க இரண்டு தடவை முன்னும் பின்னும் போகவேண்டியிருந்தது. பின்னால் வந்த மாநகரப் பேருந்து விடாமல் ஹாரன் அடித்தது. அப்போதும் எட்மண்ட், "ரோடு நல்லா தெரியுது பாரு ஜோதி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திரும்பி வந்து ஹேட்ச்பேக்கின் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் அவளுக்கு வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. எட்மண்ட் ஏறவில்லை.

"நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

"ஏங்க? சின்ன வண்டியில உக்காந்தா மரியாதை குறைஞ்சுடுமா?"

"அதெல்லாம் இல்ல."

"அப்புறம் என்ன? சகலை யாராவது பார்த்துடுவாரோ?"

கிறிஸ்டினா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். எட்மண்ட் ஒருமுறை அவளைப் பார்த்தார், பிறகு ஜோதியைப் பார்த்தார். கதவைத் திறந்து, ஒரு கையால் கூரையைப் பிடித்துக்கொண்டு, தொப்பென்று சீட்டில் விழுந்தார். கோபத்தில் அப்படி உட்கார்கிறார் என்று ஜோதி நினைத்துக்கொண்டாள்.

ஜெரூஷாவும் கிறிஸ்டினாவும் பின்சீட்டில். ஜோதியின் செல்போனை வண்டியோடு இணைத்து, அதை முன்னால் ஸ்டாண்டில் மாட்டி, ஒரு கீர்த்தனையைப் போட்டுக் காட்டினாள் கிறிஸ்டினா. "சவுண்ட் பாருங்க ஆன்ட்டி, நாலு பக்கமும் ஸ்பீக்கர்."

வண்டி சொன்னபடி கேட்டது. சேலையூர் தாண்டி ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் நின்றபோது ஜோதி நல்ல சந்தோஷத்தில் இருந்தாள். செல்போனில் ரோஸி அக்காவின் பெயர் வந்தது. குரல் செய்தி. ரோஸி அக்கா ஐக்கியத்தின் செயலாளர். நாளைய ஆராதனைக்குப் பூ வாங்குவது பற்றி இருக்கும் என்று நினைத்து ஜோதி அதை விரலால் தொட்டாள்.

நாலு பக்கத்து ஸ்பீக்கரிலும் ரோஸி அக்கா பேசத் தொடங்கினார்.

"ஸ்தோத்திரம் சிஸ்டர். காலையில உபவாசக் கூட்டத்துல உங்க காரியத்தை வெச்சு எல்லாரும் பாரத்தோட ஜெபிச்சோம். எட்மண்ட் பிரதருக்குள்ள இருக்கற பெருமையை ஆண்டவர் உடைச்சுப் போடணும்னு..."

ஜோதி அவசரமாக ஸ்டியரிங்கில் இருந்த ஒரு பட்டனை அழுத்தினாள். அது ஒலியைக் கூட்டும் பட்டன்.

"...கொஞ்ச நாளாவே நான் கவனிச்சுக்கிட்டுதான் சிஸ்டர் இருக்கேன். திருவிருந்துக்குக்கூட பிரதர் முன்னால வர்றதில்ல. எல்லாரும் பீடத்துக்கு முன்னாடி முழங்கால்ல நிக்கும்போது அவர் மட்டும் கடைசி பெஞ்சுல உக்காந்திருக்கார். பெருமை இல்லாம வேற என்ன? புருஷன் ஒரு காருக்காக இப்படி நிக்கறாரேன்னு நீங்க எவ்ளோ வேதனைப்பட்டு எழுதியிருந்தீங்க. சாயங்காலம் நான் ஆயரைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வர்றேன்..."

ஜெரூஷா பின்னாலிருந்து எட்டி செல்போனைப் பிடுங்கினாள். சத்தம் நின்றது. கிறிஸ்டினா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜோதிக்குக் காது, கழுத்தெல்லாம் எரிந்தது. சிக்னல் விழுந்துவிட்டது என்று பின்னால் ஒருவன் ஹாரன் அடித்துச் சொல்லவேண்டியிருந்தது.

"ஓரமா நிறுத்து" என்றார் எட்மண்ட்.

"என்னங்க, நான் வந்து..."

"நிறுத்து ஜோதி. நான் இறங்கிக்கறேன்."

ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தினாள். எட்மண்ட் கதவைத் திறந்தார். இடது காலை எடுத்து வெளியே வைத்தார். கதவின் மேல்விளிம்பைப் பிடித்து எம்பினார். இரண்டு விரற்கடை எழுந்து, மறுபடி சீட்டில் விழுந்தார்.

முதலில் ஜோதிக்கு ஒன்றும் புரியவில்லை. சீட் பெல்ட் மாட்டிக்கொண்டதோ என்று பார்த்தாள். பெல்ட் கழன்றுதான் கிடந்தது. அவர் மறுபடி எம்பினார். கழுத்து நரம்பு புடைத்தது. பல்லைக் கடித்த சத்தம் அவளுக்குக் கேட்டது. மறுபடி விழுந்தார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

கோபித்துக்கொண்டு இறங்கிப் போக நினைக்கிற மனிதருக்கு இறங்க முடியவில்லை. இதைவிடப் பெரிய தண்டனை ஒருவருக்கு நடுத்தெருவில் கொடுக்க முடியாது. கொடுத்தது யார் என்று ஜோதிக்கு அப்போது புரிந்தது.

அவள் இறங்கிச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து கையை நீட்டினாள். எட்மண்ட் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை.

"ஜெரூஷா, நீ வாம்மா."

மகள் வந்து அக்குளில் கை கொடுத்தாள். டீக்கடையில் நின்ற ஆட்டோக்காரர், "இன்னா சார், நான் ஒரு கை புட்சிக்கிறேன், இரு" என்று மறுபக்கம் வந்தார். இரண்டு பேருமாக அவரை நிமிர்த்தினார்கள். எட்மண்ட் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஆட்டோ சிட்லபாக்கம் வருமாப்பா?"

"குந்து சார், போலாம்."

ஆட்டோவின் உயரமான சீட்டில் அவர் எந்தச் சிரமமும் இல்லாமல் உட்கார்ந்தார். காலையில் க்ராஸ்ஓவரில் இடுப்பை வைத்த அதே மாதிரி. ஜோதி நீட்டிய கையோடு நின்று அதைப் பார்த்தாள். அந்த வண்டியில் ஏறியபோது அவர் முகம் ஏன் மலர்ந்தது என்று இப்போது தெரிந்தது. நின்ற இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது அவளுக்கு.

ஷோரூமில் வண்டியை விட்டுவிட்டு, தாயும் மகளும் வாடகைக் காரில் திரும்பினார்கள். பாதி வழியில் ஜெரூஷா கேட்டாள்.

"அப்பா சோபாவுல உக்கார்றதே இல்லையேம்மா. எப்பவும் டைனிங் சேர்லதான். நீ கவனிக்கலையா?"

"முதுகுக்கு நல்லதுன்னு சொன்னார்."

"கட்டிலுக்கு அடியில மரக்கட்டை வெச்சு உசத்தினாரே?"

"சூட்கேஸ் வைக்க இடம் வேணும்னு..."

ஜோதியால் முடிக்க முடியவில்லை. ஏரிக்கரையில் நடப்பதைக் கொசு என்று சொல்லி நிறுத்திவிட்டார். 'இனிமே நீயே ஓட்டு ஜோதி' என்று கார் சாவியைப் பெருந்தன்மையாகக் கொடுத்தார். கிளட்ச் மிதிக்க முடியவில்லை, அவ்வளவுதான். வகுப்பில் ஒரு பிள்ளை வயிற்றுவலி என்று சொன்னால் அது நிஜமா நடிப்பா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள் இந்த டீச்சர். ஒரே வீட்டில் இருக்கும் மனிதரின் முகத்தை எப்போது கடைசியாகப் பார்த்தோம் என்று அவளுக்கு நினைவு வரவில்லை.

"நீ அந்த குரூப்புல என்னதான்மா எழுதின?"

ஜோதி செல்போனை நீட்டினாள். ஜெரூஷா படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

எட்மண்ட் வீட்டு போர்டிகோவில், பழைய கார் நின்ற இடத்தில், டைனிங் சேரைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஜெரூஷா உள்ளே போய்விட்டாள். ஜோதி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"எவ்ளோ நாளா?"

"போன மழைக்கு முன்னாடியிருந்தே."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டினேன். ரெண்டு முட்டியும் ஆபரேஷன் பண்ணணுங்கறார். பண்ணினா தேறிடுமாம். தேறுற வரைக்கும் கூட இருந்து ஒருத்தர் தூக்கி உக்கார வைக்கணுமாம்."

"இதை என்கிட்ட ஏங்க சொல்லல?"

எட்மண்ட் தெருவைப் பார்த்தபடி இருந்தார். சொல்லமாட்டார் என்றுதான் நினைத்தாள்.

"உங்கப்பா நம்ம வீட்ல படுக்கையில கிடந்தாரே. அத்தனை வருஷமும் நீதான் தூக்கின, நீதான் துடைச்ச. அவரை அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னிக்குக் குடும்ப ஜெபத்துல நீ என்ன கேட்ட, ஞாபகம் இருக்கா?"

ஜோதிக்கு ஞாபகம் வந்துவிட்டது. வரக்கூடாதென்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆண்டவரே, இனிமே இன்னொருத்தரைத் தூக்கி உக்கார வைக்கற பாரத்தை எனக்குக் குடுக்காதேயும்னு கேட்ட. சத்தமாவே கேட்ட. நானும் ஆமென் சொன்னேன் ஜோதி. சொன்னவன் நானே வந்து எப்படி உன் தலையில உக்கார்றது?"

அவள் அழுதாள். அவர் தடுக்கவில்லை. கொஞ்சநேரம் கழித்து, அவள் தலையில் கையை வைத்து எடுத்தார். அது ஆறுதலா, போதும் என்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நான் அந்தக் குறிப்பை எடுத்துடறேன். உண்மையை எழுதிடறேன். முட்டிவலிதான், வேற ஒண்ணும் இல்லன்னு."

"எழுதாதே." குரல் சட்டென்று கெட்டியானது. "பெருமைக்காரன்னு நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும். முடியாதவன்னு யாரும் நினைக்க வேண்டாம். அந்த ரோஸிக்குத் தெரிஞ்சா, அடுத்த வாரம் என் முட்டியைத்தான் முன்னால வெச்சு ஜெபம் பண்ணுவாங்க."

"சரி, எழுதல. அந்த உயரமான வண்டியையே புக் பண்ணிடறேன். பழகினா எனக்கும் வந்துடும்."

"அதுக்குத் தேவையில்ல."

ஏன் என்று அவர் சொல்லவில்லை. உள்ளே வந்து கிறிஸ்டினாவுக்குப் போன் செய்தபோதுதான் தெரிந்தது.

"ஆன்ட்டி, அங்கிள் வீடு போய்ச் சேர்ந்ததுமே எனக்குப் போன் பண்ணிட்டாங்களே. சின்ன வண்டியே போதும், வெள்ளை கலர்னு சொல்லிட்டாங்க. ஆன்ட்டி தினமும் ஓட்டற வண்டி, அவங்களுக்குத் தோதா இருந்தா சரின்னாங்க. அங்கிள் நீங்க எப்படி ஏறுவீங்கன்னு கேட்டேன். நான் எங்கேம்மா போகப்போறேன்னு சிரிச்சாங்க."

"புக் பண்ணிட்டியாம்மா?"

"திங்கட்கிழமைதான் ஆன்ட்டி போடணும்."

"போடாதே. நான் சொல்ற வரைக்கும் எதையும் போடாதே."

போனை வைத்துவிட்டு ஜோதி அடுப்படியில் நின்றாள். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. அவள் இஷ்டத்துக்குத் திரும்பும் சின்ன வண்டி, பக்கத்து சீட்டில் யாருமில்லாமல். இதற்காகத்தான் ஊரைக் கூட்டி ஜெபித்தோமா என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

சாயங்காலம் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. இளவயது ஆயர் பைக்கை நிறுத்திக்கொண்டிருந்தார். ரோஸி அக்கா வேதப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, அவருக்கு முன்னாலேயே உள்ளே வந்துகொண்டிருந்தார்.

எட்மண்ட் ஹாலில் சேரில் இருந்தார். அன்று பட்ட பாட்டில் முட்டிகள் வீங்கியிருந்தன. ஆயர் வந்தால் வீட்டில் எல்லோரும் எழுந்து நிற்பது அந்தக் குடும்பத்தின் வழக்கம். யாராவது ஒரு நிமிடம் தாமதித்தால் கண்ணாலேயே அதட்டுகிறவள் ஜோதி. எட்மண்ட் சேரின் கைகளைப் பிடித்தார். இரண்டு முறை எம்பவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ரோஸி அக்கா பார்க்க எம்பவேண்டும்.

ஜோதி இன்னொரு சேரை இழுத்து அவரை ஒட்டிப் போட்டாள். அழுத்தமாக உட்கார்ந்தாள். அவர் கைமேல் தன் கையை வைத்தாள்.

"வாங்க ஐயா. வாங்கக்கா. உக்காருங்க" என்றாள், எழுந்திருக்காமல்.

காபித் தட்டோடு வந்த ஜெரூஷா ஒரு நொடி நின்றுவிட்டாள். ஆயர் இயல்பாகச் சிரித்தபடி சோபாவில் உட்கார்ந்தார். ரோஸி அக்காவின் புருவம் மட்டும் உயர்ந்தது. புருஷனுடைய பெருமை இவளுக்கும் தொற்றிக்கொண்டதா என்று அந்தப் புருவம் கேட்டது. கேட்டுவிட்டுப் போகட்டும் என்று ஜோதி அசையாமல் இருந்தாள். காலையிலிருந்து அவள் செய்த முதல் நல்ல காரியம் அதுதான்.

ஆயர் மழையைப் பற்றி, பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரித்தார். காரைப் பற்றிப் பேச அவருக்கே சங்கடமாக இருந்தது தெரிந்தது. காபியைக் குடித்துவிட்டு, "ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டுக் கிளம்பறேன்" என்றார்.

ரோஸி அக்கா அதற்காகவே காத்திருந்த மாதிரி எழுந்து, மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயை எடுத்து நடு ஹாலில் விரித்தார்.

"உக்காந்துட்டு ஜெபிக்கற காரியமா ஐயா இது? எல்லாரும் முழங்கால் போட்டு ஜெபிச்சாத்தான் மனசு உடையும்."

"சரி, முழங்கால்படியிடுவோமே" என்றார் ஆயர் வெள்ளந்தியாக. தானே முதலில் பாயில் இறங்கினார்.

ரோஸி அக்காவும் இறங்கினார். எட்மண்டைப் பார்த்தார்.

எட்மண்ட் ஜோதியின் கைக்கு அடியிலிருந்து தன் கையை உருவிக்கொண்டார். உண்மையைச் சொன்னால், சொல்லாதே என்றவருடைய ரகசியம் போய்விடும். சும்மா இருந்தால் அவர் இறங்கிவிடுவார். இறங்கியவரை எழுப்ப, காலையில் டீக்கடை முன்னால் நடந்ததே மறுபடி ரோஸி அக்காவின் முன்னால் நடக்கும். அவர் ஏற்கெனவே சேரின் விளிம்புக்கு நகரத் தொடங்கியிருந்தார்.

"ஐயா, ஒரு நிமிஷம்" என்றாள் ஜோதி. "நேத்து நான் குரூப்புல ஒரு ஜெபக் குறிப்பு போட்டேன். அதுல ஆளை மாத்தி எழுதிட்டேன். பெருமை பிடிச்சது இவருக்கு இல்ல. எனக்கு. எனக்காக ஜெபம் பண்ணுங்க."

ரோஸி அக்கா பாதி முழங்காலில் அப்படியே இருந்தார். ஆயர் தலையை உயர்த்தி, "ஏன்மா அப்படிச் சொல்றீங்க, என்ன நடந்தது?" என்று கேட்டார்.

இதோடு நிறுத்திக்கொள்வாளா, மேலே சொல்லிவிடுவாளா என்று தெரியாமல், எட்மண்ட் அவள் விரல்களை இறுகப் பிடித்தார்.